அழுவுறாப்புலயா, சிரிக்கிறாப்புலயா?

ஜெயராணி பையிலிருந்து கேமராவை எடுத்ததுதான் தாமதம், மணலில் உருண்டு புரண்டு கொண்டிருந்த பதினான்கு பிள்ளைகளும் எழுந்து ஓடிவந்து டியூஷன் கொட்டகைச் சுவரோரம் வரிசையாக நின்றுவிட்டார்கள். குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைப் பிள்ளைகள் பின்னால். யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று ஜெயராணியை அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"எப்டிக்கா நிக்கணும்? அழுவுறாப்புலயா, சிரிக்கிறாப்புலயா?"

ஜெயராணிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் கேமராவைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அது 2009 ஆகஸ்ட். சுனாமி வந்துபோய் நாலரை வருஷம் ஆகியிருந்தது. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலை ஒட்டியிருந்த அந்தக் குப்பத்துக்கு அதற்குள் எத்தனை கேமராக்கள் வந்துபோயினவென்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. பேப்பர்காரர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் வெள்ளைக்காரர்களுக்குப் படம் அனுப்புகிறவர்கள் வந்தார்கள். கேள்வி கேட்ட கயல்விழி, அலை வந்த அன்று அம்மா வயிற்றில் இருந்தவள். அவளுக்கு அலை தெரியாது. கேமரா தெரியும்.

ஜெயராணிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கடலூர் முதுநகரில் பிறந்தவள். அப்பா தேவசகாயம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியே மூன்று பெண்களையும் படிக்க வைத்தார். மூத்தவள் நர்ஸ், அடுத்தவள் டீச்சர். கடைசிப் பெண் பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததும் பி.எட். சேருவாள் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தபோது, அவள் சிதம்பரம் தெற்கு வீதியில் கொளஞ்சியப்பன் வைத்திருந்த ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"படிச்ச படிப்புக்கு அடுத்தவன் மூஞ்சிக்கு வெள்ளையடிக்கிற வேலையா?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கறுத்த மணப்பெண்களை வெளுக்க வைப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. அதில் அலுத்துப்போய்த்தான் அவள் கேமராவைக் கையில் எடுத்தாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெண்ணே படமெடுக்க வந்தால் வீட்டுப் பெண்கள் கூச்சமில்லாமல் நிற்கிறார்கள் என்று கண்டுகொண்ட கொளஞ்சியப்பனும் தடுக்கவில்லை. இடையில் தனியார் கல்லூரி ஒன்றில் லேப் அசிஸ்டெண்டாக இருந்த சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்திலேயே குடியமர்ந்தாள். 2007 பிப்ரவரியில் பெனிட்டா பிறந்தாள்.

ஸ்டுடியோவில் அவளுக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. வருஷா வருஷம் நர்சரிப் பள்ளிகளுக்குப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. ஆயா ஒருத்தி பிள்ளையின் இரண்டு தோள்களையும் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கொளஞ்சியப்பன் மூஞ்சிக்கு நேராக ஃப்ளாஷ் அடிப்பார். கண்ணை மூடிவிட்டால் இன்னொரு தடவை. திமிறினால் தொடையில் ஒரு கிள்ளு. பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிற பிள்ளைகளும் உண்டு. "மார்புக்கு மேலதான எடுக்கிறோம், ஈரம் தெரியாது. அப்டியே புடி" என்பார் அவர். அன்றைக்கெல்லாம் அந்த மூத்திர வாடை ஜெயராணியின் மூக்கிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

இத்தனைக்கும் கொளஞ்சியப்பன் கெட்ட மனிதரில்லை. பிள்ளை ஆடினால் படம் கலங்குகிறது, அதனால் பிள்ளையைப் பிடி என்பது அவர் கற்ற தொழில். இயற்பியல் படித்த ஜெயராணிக்கு வேறொன்று புரிந்திருந்தது. கேமராவோடு இனாமாக வருகிற லென்ஸுக்குக் கண் சிறியது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். போதுமான வெளிச்சம் சேருவதற்குள் பிள்ளை தலையைத் திருப்பிவிடுகிறது. குற்றம் லென்ஸின் மேல். அதற்குப் பிள்ளையின் தோளை அழுத்துகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் தட்சிணாமூர்த்தி வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு டிரஸ்டின் செயலாளர். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. சுனாமிப் பிள்ளைகளுக்காக நாலைந்து குப்பங்களில் மாலை டியூஷனும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்துவந்தார்கள். அடுத்த வருஷக் காலண்டருக்குப் படம் வேண்டுமாம்.

"லேடி ஃபோட்டோகிராபருன்னா புள்ளைங்க பயப்படாதுன்னு சொன்னாங்க. இயல்பா இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

பிள்ளைகளை யாரும் பிடித்து அழுத்தாமல் படமெடுக்க ஒரு வாய்ப்பு. ஜெயராணி சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டாள். போன முதல் நாளே அந்த வரிசை, அந்தக் கேள்வி.

அன்று ஒரு படமும் எடுக்காமல் திரும்பிவந்து கொளஞ்சியப்பனிடம் சொன்னாள்.

"இதுக்குப் போயி கவலப்படுற? என் ஜூம் லென்ஸ எடுத்துட்டுப் போ. தூரமா நின்னுக்கிட்டு சட்டு சட்டுனு தட்டிக்கிட்டு வா. எடுக்கிறதே அதுங்களுக்குத் தெரியாது."

யோசனை நல்லதாகத்தான் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, கரையில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் பின்னால் உட்கார்ந்தாள். ஐம்பதடி தூரத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள். அரை மணி நேரம் எடுத்திருப்பாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்து முதுகில் விழுந்தது.

"யாருடி அவ, ஒளிஞ்சி ஒக்காந்துக்கிட்டு புள்ளைங்கள படம் புடிக்கிறவ? எழுந்திரு. எழுந்திருடீன்றேன்!"

மீன்கூடையோடு நின்றது கயல்விழியின் அம்மா மாரியம்மாள். ஜெயராணி எழுந்து, டிரஸ்டின் பெயரைச் சொல்லி, காலண்டர் என்று ஏதோ குழறினாள்.

"டிரஸ்ட்டுன்னா நேரா வந்து எடு. திருட்டு நாயி மாதிரி எதுக்குப் பதுங்குற?" என்று சொல்லிவிட்டு மாரியம்மாள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சிதம்பரம் திரும்பிய பஸ்ஸில் அந்தப் படங்களைப் பார்த்தாள். வெயிலில் நின்ற பிள்ளைகள் மட்டும் தெளிவாக இருந்தார்கள். ஆனால் எந்தப் பிள்ளை வெயிலில் நிற்கிறது? கொட்டகைக்குள்ளும், பூவரச நிழலிலும், படகுகளுக்கு நடுவிலும் ஓடியவர்களெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி அழிந்துபோயிருந்தார்கள். நீள லென்ஸுக்கும் கண் சிறியதுதான். தெளிவாக வந்தவற்றையும் அவளால் பார்க்க முடியவில்லை. கூண்டுக்கு வெளியே நின்று மிருகங்களை எடுத்தது போலிருந்தது.

பிறகு இரண்டு வாரம் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தாள். பிள்ளை ஓட வேண்டும், கொட்டகையின் மங்கல் வெளிச்சம் போதவேண்டும், ஃப்ளாஷ் கூடாது. அப்படியானால் ஜூம் ஆகாத, கண் பெரிய லென்ஸ்தான் வழி. நாம்தான் நடந்துபோக வேண்டும், லென்ஸ் நடக்காது. அதில் விலை குறைந்தது ஐம்பது எம்.எம்., பழைய மாதிரி. தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கி வீட்டில் மாட்டிப் பார்த்தாள். அவள் கேமராவுக்குள் அந்த லென்ஸைச் சுழற்றுகிற மோட்டார் கிடையாது. கையால் வளையத்தைத் திருப்பித்தான் குறி வைக்கவேண்டும். திருப்பி முடிப்பதற்குள் பெனிட்டா அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். போதாததற்கு அந்தச் சின்ன அறையில் பின்சுவரில் முதுகு ஒட்டி நின்றாலும் பிள்ளையின் மூக்கும் ஒரு கண்ணும்தான் சட்டத்துக்குள் அடங்கின.

முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் அந்த வருஷம்தான் வந்திருந்தது. தனக்குள்ளேயே மோட்டார், பெரிய கண், உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் ஒன்றே ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும் சார்லஸையும் பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் தெருவில் நிற்கிற பைக்கை எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"பைக்கு ஓடாதுங்க" என்று சொல்லிவிட்டு ஜெயராணி, பெனிட்டாவைக் கடைக்குள் இறக்கிவிட்டாள். இரண்டரை வயதுக்காரி கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே ஓடினாள், முக்காலியைத் தள்ளினாள், கடைக்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். ஐந்து நிமிஷத்தில் நாற்பது படம். முப்பத்தொன்றில் கண் இமை மயிர் வரைக்கும் தெளிவாக இருந்தது. "மொதல்ல காச குடுத்துட்டு இந்தப் புள்ளைய கூட்டிட்டுப் போங்க" என்று கடைக்காரர் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலும் சோதனை தொடர்ந்தது. எண்ணெய் தடவிய தலையும் பழைய உள்பாவாடையுமாக இருந்த பெனிட்டா லென்ஸ் மூடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். சார்லஸ் அதைப் பறித்ததும் உதட்டைப் பிதுக்கி, கேமராவை நேராகப் பார்த்து அழுதாள். ஜெயராணி அதையும் எடுத்தாள். கீழ் இமையில் தொங்கிய கண்ணீர்த் துளிக்குள் வாசல் கதவே தெரிந்தது. "பாருங்க, எப்டி வந்திருக்குன்னு!" என்று புருஷனிடம் காட்டிப் பூரித்துப்போனாள்.

அந்த லென்ஸோடு குப்பத்துக்கு நான்கு தடவை போனாள். ஒளிய முடியாது, ஒளியவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு நாலடி கிட்டத்தில் மணலில் முட்டி போட்டு, அவர்கள் ஓடினால் கூட ஓடவேண்டும். முதல் நாள் வரிசை கட்டினார்கள். இரண்டாம் நாள் கேமராவைத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவளை மறந்துபோனார்கள். கயல்விழி படகின் விளிம்பிலிருந்து குதித்தபோது பாவாடை குடையாக விரிந்தது. இரண்டு பையன்கள் ஒரு நண்டுக்காகக் கட்டிப் புரண்டார்கள். பால் மீசையோடு நான்கு பிள்ளைகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் தட்சிணாமூர்த்தி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

"என்னாம்மா எல்லாம் பல்லக் காட்டுது?"

"நீங்கதான சார் இயல்பா இருக்கணும்னீங்க."

"இயல்புன்னா… சுனாமில அடிபட்ட புள்ளைங்கம்மா இதுங்க. இப்டி குதிச்சிக்கிட்டு கெடந்தா, எதுக்குடா இதுங்களுக்குப் பணம் அனுப்பணும்னு வெளிநாட்டுக்காரன் கேக்கமாட்டான்? ஒண்ணு ரெண்டாவது கொஞ்சம் ஏக்கமா இருக்கணும். நீ போயி எடுத்துட்டு வா. ஒனக்குத் தெரியாததா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நான்காம் தடவை போனபோது, கொட்டகை வாசலில் கயல்விழியை நிறுத்தி, "கொஞ்ச நேரம் சிரிக்காம இரு, கண்ணு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆடிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. வலது கையைக் கன்னத்தில் வைத்தது. கீழுதடு தொங்கியது, கண்கள் மேலே ஏறின. யாரோ ஒருவன் இதை இந்தப் பிள்ளைக்கு அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அப்படியே அசையாமல், உதட்டை மட்டும் லேசாக ஆட்டி, "இப்டியாக்கா?" என்றது.

ஜெயராணி ஒரு படம் எடுத்தாள். எடுத்த கை தன்னுடையதுதானா என்றிருந்தது. நர்சரிப் பள்ளியில் தோளை அழுத்திய ஆயாவாவது கையால்தான் அழுத்தினாள். பஸ் ஏறியதும் முதல் காரியமாக அந்தப் படத்தை அழித்தாள். அழித்த பிறகும் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரியே இருந்தது.

"பிரிண்டிங்குக்குப் போவணும், இருக்கிறத அனுப்பு" என்று தட்சிணாமூர்த்தி நாளைக்கு மூன்று தடவை ஃபோன் செய்தார். அந்த லென்ஸில் எடுத்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. அப்படியே சீடியில் ஏற்றி அனுப்பினாள். பெனிட்டாவின் படங்களும் அதில்தான் இருக்கின்றன என்பது அவள் நினைவில் இல்லை.

2010 ஜனவரிக் கடைசியில் தபாலில் ஒரு காலண்டர் வந்தது. உறையைக் கிழித்தாள். அட்டையில் பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள்.

எண்ணெய்த் தலை, பழைய உள்பாவாடை, கண்ணீர்த் துளி. வாசல் கதவை மட்டும் அழித்துவிட்டு அங்கே ஓர் அலையை ஒட்டவைத்திருந்தார்கள். கீழே இங்கிலீஷில் நான்கு வரி. பெயர் மீனா. வயது ஐந்து. அப்பா அம்மா இருவரையும் அலை கொண்டுபோனது. சரியான சாப்பாடு இல்லாததால் வளர்ச்சி குன்றியவள். உங்கள் அன்புக்காகக் காத்திருக்கிறாள்.

பெனிட்டா அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றைப் பாதி தின்று பாதி இறைத்துக்கொண்டிருந்தாள். காலண்டரைப் பார்த்ததும், "நானு!" என்று சோற்றுக் கையால் அதைத் தொட வந்தாள். ஜெயராணி வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் படத்தைத் தன் பிள்ளை தொடக்கூடாது என்று தோன்றியது. அவ்வளவு அசிங்கமாக இருந்தது அது.

உள் பக்கங்களைப் புரட்டினாள். அவள் எடுத்த படம் வேறொன்றுகூட இல்லை. எல்லாம் 2005-இல் எவரோ எடுத்த பழைய படங்கள். முகாமில் தட்டேந்தி நிற்கிற பிள்ளைகள், கன்னத்தில் கை வைத்த பிள்ளைகள்.

மறுநாள் காலையில் மஞ்சக்குப்பம் போனாள். தட்சிணாமூர்த்தியின் மேஜைமேல் காலண்டரைப் போட்டாள்.

"சார், இது எம் பொண்ணு."

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அவர் முகத்தில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

"அப்டியா? நெசமா தெரியாதும்மா. சீடில இருந்துச்சி, போட்டுட்டோம். மொத்த சீடிலயும் அழுவுற படம் இது ஒண்ணுதான். ஆனா என்னா படம்! இத்தினி வருசத்துல இப்டி ஒண்ணு எங்களுக்கு அமைஞ்சதே இல்ல."

"அப்பா அம்மா உசுரோட இருக்கிற புள்ளைய அனாதன்னு போட்டிருக்கீங்க."

"பேர மாத்திதானம்மா போட்டிருக்கு. இது என்னா நம்மூர்லயா தொங்குது? எங்கியோ குளிர் நாட்டுல எவன் வூட்டுச் சமையக்கட்டுலயோ தொங்குது."

"வளர்ச்சி குன்றினவளாம்?"

"சுனாமி முடிஞ்சி அஞ்சு வருசம் ஆவுதில்ல? வயசு அஞ்சுன்னுதான போடணும். ஆளு சின்னதா தெரியிது. அதுக்கு ஒரு காரணம் சொல்லணுமில்ல?"

சாந்தமாக, கணக்கு வாத்தியார் விளக்குவது போல விளக்கினார். நடுவே ஜெயராணிக்கு டீ வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்றேன், சந்தோசப்படு. காலண்டரு டிசம்பர்லயே அங்க போயிடுச்சி. இந்த ஒரு படத்துக்கு மட்டும் பதினோரு ஸ்பான்சர் வந்திருக்கு."

"பதினோரு பேருக்கும் ஒரே புள்ளையா?"

"அவங்கவங்களுக்கு ஒரு புள்ளதானம்மா. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியவா போவுது? பாரு, ஒரு வயசான அம்மா, மீனா வரைஞ்ச படம் ஏதாச்சும் அனுப்ப முடியுமான்னு லெட்டர் போட்டிருக்காங்க. ஒம் பொண்ணு எதனா கிறுக்குனா ரெண்டு பேப்பரு கொண்டாந்து குடேன்."

ஜெயராணி வாயில் வைத்த டீயைத் திரும்பவும் டம்ளரிலேயே துப்பினாள். அவர் முன்னால், அந்த மேஜையிலேயே. துப்பிவிட்டு, காலண்டரை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

இதைச் சொன்னபோது சார்லஸ் முதலில் சிரித்துவிட்டான். பதினோரு பேர் என்றதும் வந்த சிரிப்பு. அவள் முறைத்த முறைப்பில் அடங்கினான்.

"விடு ராணி. அழிக்கச் சொல்லு, இனிமே அந்த ஆளு சங்காத்தமே வேணாம்."

"விடச் சொல்றீங்களா? எம் புள்ள மூஞ்சிய வச்சி பிச்ச எடுத்திருக்கான்."

சார்லஸ் காலண்டரை வாங்கி ஒருமுறை புரட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அட்டைல வேற புள்ள இருந்திருந்தா? நீ போயிக் கேட்டிருப்பியா?"

கேட்டிருக்கமாட்டாள். காலண்டரைச் சுவரில் மாட்டியிருப்பாள். கன்னத்தில் கை வைத்த பன்னிரண்டு பிள்ளைகளை மாதம் ஒன்றாகத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பாள். தட்சிணாமூர்த்தியின்மேல் வந்த அருவருப்பு இப்போது பாதி தன்மேலேயே திரும்பியது.

அதனால்தான் கடிதத்தைப் பெனிட்டாவைப் பற்றி மட்டும் எழுதவில்லை. காலண்டரின் பின்னட்டையில் இருந்த, டிரஸ்டுக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டு அமைப்பின் முகவரிக்கு, இங்கிலீஷில், நான்கு பக்கம். முதலில் காலண்டரை எடுத்துக்கொண்டு குப்பம் குப்பமாகப் போய் விசாரித்தாள். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அப்பா அம்மா இருந்தார்கள். ஜூன் மாதத்துப் பையன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். செப்டம்பர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லாவற்றையும் எழுதினாள். பெனிட்டாவின் பிறப்புச் சான்றிதழை நகலெடுத்து வைத்தாள். இலக்கணப் பிழைகளைச் சார்லஸ் உட்கார்ந்து திருத்தினான்.

ஐந்து மாதம் கழித்து மரியாதையான ஒரு பதில் வந்தது. பிறகு அங்கிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் டிரஸ்டுக்குப் பணம் நின்றது, போர்டைக் கழற்றினார்கள். ஆறு மாதத்தில் அதே தெருவில் வேறு பெயரில் வேறொரு போர்டு ஏறியது. உள்ளே அதே மேஜை, அதே தட்சிணாமூர்த்தி.

ஜெயராணி கொளஞ்சியப்பனிடமே தொடர்ந்து வேலை செய்தாள். நர்சரிப் படங்களுக்குத் தானே போவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆயாக்களை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் பிள்ளைகளைச் சும்மா விட்டு எடுத்தாள். ஃப்ளாஷும் இல்லை, கிள்ளும் இல்லை. "நேரம் ஜாஸ்தி ஆவுது" என்று கொளஞ்சியப்பன் முணுமுணுத்தார். ஆனால் யாரும் ஒன்றுக்குப் போகவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. ஜனவரி இரண்டாம் வாரம் ஜெயராணியின் ஃபோன் அடித்தது.

"பழச மனசுல வச்சிக்காதம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி. "இப்ப நம்மளுக்கு வேல நெறைய இருக்கு. கூரையில்லாத வூட்டுக்குள்ள புள்ளைங்க ஒக்காந்திருக்கிறாப்புல நாலு படம். அந்த லென்ஸ் இருக்கில்ல?"

புயல் போன பத்தாம் நாள். அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது, அறுவடைக்கு நாள் பார்க்கிறவனைப் போல. ஜெயராணி ஃபோனை அணைத்து, அதை முந்தானையில் துடைத்தாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே குப்பத்துக்குப் போனாள். 2009-இல் எடுத்த படங்களைப் பிரதி போட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று அப்போதே நினைத்தது, நினைத்ததோடு சரி. இப்போது முப்பது படங்களைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மாரியம்மாளுக்குச் சுனாமிக் குடியிருப்பில் கிடைத்த காங்கிரீட் வீடு தப்பியிருந்தது. பக்கவாட்டில் இறக்கியிருந்த சமையலறையின் கூரை ஷீட்டு மட்டும் பறந்துபோய், அடுப்பு வெட்டவெளியில் கிடந்தது.

மாரியம்மாள் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நீதான் லெட்டர் போட்டவ?"

"ஆமாக்கா."

"நீ லெட்டர் போட்ட, அவன் பால நிறுத்திட்டான். டியூஷன் டீச்சரும் வர்றதில்ல. எம் பொண்ணு இப்ப ரெண்டாவது படிக்கிது, எழுத்துக்கூட்டத் தெரியல. அவன் திருடன்தான், எங்களுக்குத் தெரியாதா? திருடன் வாயிலேர்ந்து ஒரு டம்ளர் பாலு விழுந்துச்சி. அதையும் நீ தட்டிவுட்டுட்ட."

"அந்தப் பொய்ய எப்டிக்கா பாத்துக்கிட்டு…"

"ஒம் புள்ள படத்த போட்டதுக்கு அப்புறந்தான ஒனக்குப் பொய்யின்னு தெரிஞ்சிச்சி?"

கடிதம் எழுதியது தப்பு என்று ஜெயராணிக்கு அப்போதும் தோன்றவில்லை. படங்களை நீட்டினாள். மாரியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படகிலிருந்து குதிக்கிற படத்தில் நிறுத்தினாள். ஜெயராணிக்கு மிகவும் பிடித்த படம் அது.

"இது வேணாம். பாவாட தூக்கியிருக்கு, காலெல்லாம் சேறு. மூக்கு வேற ஒழுவுது. இப்டியா ஒரு பொட்டப் புள்ளைய படம் புடிப்பாங்க?" என்று திருப்பிக் கொடுத்தாள். பால் மீசைப் படத்தையும் கொடுத்துவிட்டாள். கடைசியில் இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கேமரா வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அப்ப நான் சொல்றாப்புல ஒண்ணு எடு."

கயல்விழியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கால்மணி நேரம் கழித்து, தலை படிய வாரி, இரட்டை ஜடையில் சிவப்பு ரிப்பன் கட்டி, கழுத்துவரை பவுடர் அப்பி, பொங்கலுக்கு எடுத்த புதுப் பாவாடை சட்டையோடு கூட்டி வந்தாள். சுண்ணாம்பு அடித்த முன்சுவரில் சாய்த்து நிறுத்தினாள். தானே இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"இந்தப் பக்கமா வந்து எடு. ஷீட்டு பறந்தது தெரியக்கூடாது. வூடு வூடாட்டம் தெரியணும்."

ஜெயராணி மணலில் முட்டி போட்டாள். கயல்விழிக்கு இப்போது ஆறு முடிந்து ஏழு நடந்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, மோவாயை நிமிர்த்தி, போலீஸ்காரன் மாதிரி நின்றாள். அம்மா பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்ததால் இமைகூடக் கொட்டவில்லை. எந்த லென்ஸ் போட்டாலும் அந்தப் படம் தெளிவாகத்தான் வந்திருக்கும்.

ஒன்று எடுத்ததும் மாரியம்மாள் கேமராவை வாங்கித் திரையில் பார்த்தாள். தலையைச் சாய்த்து, சுவரையும் ரிப்பனையும் கவனித்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

"இத பெருசா போட்டுக் குடு. கொண்டாந்து கையில குடுக்கணும். ரெண்டு வருசம் வூட்ல வச்சிருந்துட்டு வராத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கும் மாரியம்மாள் உட்காரச் சொல்லவில்லை. சட்டத்தை வாங்கி, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆணி அடிக்கக் கல் தேடிப் போனாள்.